மெழுகுக்கட்டியின் பிரயாணம்

மதுரை அரப்பாளையத்தில் பேருந்து ஏறி மேற்கே வருகிறவர்களுக்கு உசிலம்பட்டி தாண்டும் வரையில் நிலம் ஒரே சாயலாகத்தான் தோன்றும். ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி ஏறி இறங்கியதும் காட்சி மாறுகிறது. எதிரே வானத்தை மறித்தாற்போல் மேற்குத் தொடர்ச்சி மலை எழுந்து நிற்கும். காற்றுக்கும் தனி வேகம் வந்துவிடும். க. விலக்கில் 2004-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியைக் கடந்து தேனியை அடைந்து, அங்கிருந்து தென்மேற்காகத் திரும்பினால் வலப்புறம் ஏலமலை, இடப்புறம் மேகமலை. இவ்விரண்டுக்கும் நடுவே வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று வரிசையாக ஊர்கள். நெல்லும் தென்னையும் வாழையும் திராட்சைப் பந்தலும் மாறி மாறிக் கண்ணுக்குக் குளிர்ச்சி தருகின்றன. இதுவே கம்பம் பள்ளத்தாக்கு.

இந்தப் பசுமைக்குக் காரணம் மலைக்கு அப்பால் இருக்கிறது. அரபிக் கடலை நோக்கி ஓடிய பெரியாற்றைப் பென்னிகுவிக் என்ற ஆங்கிலப் பொறியாளர் அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பினார். 1895-இல் அணை திறக்கப்பட்டது. தம் பிள்ளைகளுக்குப் பென்னிகுவிக் என்று பெயரிடும் குடும்பங்கள் இங்கே இன்றும் உண்டு. லோயர் கேம்ப்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது. மலை இருந்த இடத்திலேயே இருக்க, மக்களும் இருந்த இடத்திலேயே இருக்க, வரவேண்டிய தண்ணீர் மட்டும் மலைக்குள் புகுந்து வந்து சேர்ந்தது. இதை ஏன் சொல்லுகிறேன் என்பது பின்னால் விளங்கும்.

வளமுள்ள பள்ளத்தாக்குத்தான். ஆனால் அதற்கு வாசல்கள் மிகச் சில. கிழக்கே கணவாய், வடக்கே வத்தலக்குண்டுச் சாலை, மேற்கே போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்னும் மலைப்பாதைகள். பெருநோய் கண்டவர்கள் இவற்றில் ஏதாவதொன்றின் வழியாக வெளியேறியாக வேண்டும். 1928-இல் வந்த போடி ரயில் 2010-ஆம் ஆண்டின் இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நின்றுபோயிற்று. தேனிக்கு அது திரும்ப வந்தது 2022 மே மாதத்தில். போடிக்கு வந்தது 2023 ஜூன் மாதத்தில். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளும் நோயாளிகளுக்குப் பேருந்தே கதியாயிற்று. கம்பத்திலிருந்து மதுரை செல்லும் அதிகாலைப் பேருந்துகளில் ஏறிப் பாருங்கள். மடியில் ஒரு பெரிய உறையை நிமிர்த்தி வைத்தபடி யாரேனும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அதற்குள் தலையின் எக்ஸ்ரே படங்களோ ஸ்கேன் படங்களோ இருக்கும். மடிக்கக் கூடாது என்று எவரோ சொல்லியிருப்பார்கள். வழி நெடுக அதைக் கையை விட்டு இறக்காமல் வருவார்.

அந்த உறையைப் பற்றியே இம்மாதம் எழுத விரும்புகிறேன். குறிப்பாக, மூளைக்கட்டி என்று ஒரு மருத்துவர் சொல்லிவிட்ட பிறகு, அது மெய்தானா, எவ்வகைக் கட்டி, என்ன செய்வது என்று தொலைவிலுள்ள வேறொரு மருத்துவரிடம் மறு அபிப்பிராயம் கேட்பது பற்றி.

பங்கு இல்லத்திற்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது மருத்துவக் கேள்வி அன்று. "சாமி, இன்னொரு டாக்டருகிட்ட கேட்டா இவரு கோவிச்சுக்குவாரோ?" என்பதே அவர்கள் கேள்வி. நம் மக்களின் மரியாதை அப்படிப்பட்டது. உயிரைக் கையில் வைத்திருப்பவரைச் சந்தேகிப்பது போலாகுமே என்று கூசுகிறார்கள். கூச்சம் வேண்டியதில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளர் உரிமைப் பட்டயத்தில் மறு அபிப்பிராயம் பெறுவதும் ஓர் உரிமையாகவே எழுதப்பட்டுள்ளது. நோயாளியோ, அவர் அதிகாரமளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் மருத்துவக் குறிப்புகளைக் கொடுத்துவிட வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக விதி. நல்ல மருத்துவர் எவரும் இதற்காகக் கோபிப்பதில்லை. மூளையைத் திறக்கும் அறுவை மருத்துவருக்குத் தம் முடிவை இன்னொருவரும் பார்த்தார் என்பது பல வேளைகளில் ஆறுதலாகவே இருக்கும்.

மற்ற உறுப்புகளைவிட மூளைக்கு ஏன் இந்த எச்சரிக்கை அதிகம் தேவைப்படுகிறது? நம் நாட்டிலேயே, நம் மாநிலத்திலேயே நடந்த ஒரு வரலாற்றைச் சொல்லுகிறேன். தலையைக் குறுக்கே அரிந்து காட்டுவது போன்ற சி.டி. ஸ்கேன் படம் உலகில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது 1971-இல், இலண்டனை அடுத்த விம்பிள்டனில். அக்கருவி இந்தியாவிற்கு வந்த பிறகு மருத்துவர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். ஒருவருக்குத் திடீரென்று வலிப்பு வரும். ஸ்கேன் எடுத்தால் மூளையில் மோதிரம் போன்ற ஒரு சிறு வளையம் தெரியும். காசநோய்க் கட்டி என்று கருதிப் பலருக்கு மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். புற்றுக்கட்டியோ என்ற அச்சமும் இருந்தது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலிய மருத்துவர்கள் இத்தகைய சிறு கட்டிகளை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அவற்றுள் பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கி மடிந்த அடையாளமே என்று 1989-இல் உலகறிய எழுதினார்கள். அசுத்தமான நீராலும் உணவாலும் அப்புழுவின் முட்டை உடலுக்குள் போகிறது. புலால் உண்ணாதவருக்கும் வரும். வளையம் 20 மில்லிமீட்டருக்கு உட்பட்டதாயும், தலைக்குள் அழுத்தம் மிகுந்த அறிகுறி இல்லாததாயும், கைகால் பலவீனம் வளர்ந்துகொண்டே போகாததாயும் இருந்தால் பெரும்பாலும் அறுவை வேண்டியதில்லை. வலிப்புக்கு மருந்து கொடுத்துக் காத்திருந்து மீண்டும் படமெடுத்தால் பல நோயாளிகளிடம் அது தானே மறைந்துவிடுகிறது. ஒரே படம்தான், அதைப் பார்த்துப் பழகிய கண் வேறு, பழகாத கண் வேறு.

இந்தப் பழகிய கண்கள் எங்கே இருக்கின்றன? மூளை அறுவை மருத்துவம் இந்தியாவில் தனித்துறையாகத் தொடங்கியது வேலூரில்தான். கனடாவின் மாண்ட்ரியலில் வைல்டர் பென்பீல்டிடம் பயின்று வந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் அதைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. ராமமூர்த்தி தொடங்கினார். பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் ஆகியவை பின்னர் எழுந்தன. மதுரை இராசாசி மருத்துவமனையிலும் இத்துறை உண்டு. ஆனால் இத்துறை வல்லுநர்கள் பெருநகரங்களில்தான் குவிந்திருக்கிறார்கள். சென்னையின் மூளை அறுவை மருத்துவர் கி. கணபதி இதைக் கணக்கெடுத்துக் காட்டியவர். 2000-ஆம் ஆண்டில் ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தின் அரகொண்டா கிராமத்தையும் சென்னையையும் இணைத்துத் தொலைமருத்துவம் தொடங்கிய போது அதில் முன்னின்றவரும் அவரே. நம் நாட்டில் தொலைமருத்துவத்தை வளர்க்க முந்தி வந்தவர்களுள் ஒருவர் மூளை மருத்துவர் என்பது எனக்கு வியப்பாக இல்லை.

தொலைவிலிருந்து பார்ப்பது நம் பள்ளத்தாக்கிற்கும் புதிதன்று. சின்னமனூர்ப் பெரியவர்களைக் கேட்டால் அரவிந்த் கண் மருத்துவமனையின் சிறு மையத்தில் 'டி.வி. டாக்டரிடம்' கண் காட்டிய கதையைச் சொல்லுவார்கள். மதுரையில் 1976-இல் பதினொரு படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அந்த மருத்துவமனை, அடுத்த பத்தாண்டுக்குள் தேனியிலும் கிளை கண்டது. கிராமத்து ஏழைகள் கண் பார்க்கத் தேனி வரை வருவதும் ஒருநாள் கூலியை இழப்பதும் வீண் என்று எண்ணி, 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்தார்கள். இணைய வசதி அக்காலத்தில் இங்கே ஏது? அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எரிக் புரூவரின் குழுவினர் வந்து, உயரமான கோபுரங்களில் கூடை போன்ற அலைவாங்கிகளைப் பொருத்தி, தேனி மருத்துவமனையை ஐந்து மையங்களோடு கம்பியில்லாமல் இணைத்தார்கள். ஒரு கோபுரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சில இடங்களில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தூரம். மையத்தில் பயிற்சி பெற்ற பெண் கண்ணைச் சோதிப்பாள். தேனியிலிருக்கும் மருத்துவர் திரையில் நோயாளியோடு பேசுவார். கண்ணாடி மாற்றினால் போதும் என்றால் அங்கேயே முடிந்தது. அறுவை தேவை என்றால் மட்டும் தேனிக்குப் பிரயாணம். மின்சாரம் அடிக்கடி ஏறி இறங்கியதும் இடி மின்னலும் கருவிகளைப் படுத்திய பாடும் கொஞ்சமன்று. அதையும் கண்டு திருத்தித்தான் நடத்தினார்கள்.

கண்ணுக்கும் மூளைக்கட்டிக்கும் தொடர்பும் உண்டு. தலைக்குள் அழுத்தம் மிகுந்தால் கண்ணின் பின்புறத்தில் பார்வை நரம்பு நுழையும் வட்டம் வீங்கும். காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் என்று வருகிறவரின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கும் கண் மருத்துவரே சில வேளைகளில் கட்டியை முதலில் சந்தேகிக்கிறவர். தலைவலியோடு பார்வை மங்குகிறது என்றால் கண்ணாடிக் கடையோடு நின்றுவிடாதீர்கள்.

ஆனால் கண்ணைப் பார்ப்பது போல் மூளைக்கட்டியை ஒரு திரையில் முகம் பார்த்துச் சொல்லிவிட முடியாது. எதை அனுப்புகிறோம் என்பதில்தான் மறு அபிப்பிராயத்தின் மதிப்பு முழுவதும் இருக்கிறது. இதை நம் குடும்பங்கள் சரியாக அறிந்துகொள்ளாததால் பணமும் காலமும் விரயமாவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

பெரும்பாலோர் அனுப்புவது அறிக்கைத் தாள். அதைக் கைப்பேசியில் படமெடுத்து, உறவினரின் உறவினராக எங்கோ வேலை பார்க்கும் மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அறிக்கை என்பது முதல் மருத்துவரின் கருத்து. அதை மட்டும் படித்துச் சொல்லப்படுவது மறு அபிப்பிராயம் ஆகாது. முதல் அபிப்பிராயத்தின் எதிரொலி. சிலர் எக்ஸ்ரே போன்ற படத்தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படமெடுத்து அனுப்புகிறார்கள். எம்.ஆர்.ஐ. கருவி ஒருவரின் மூளையை நூற்றுக்கணக்கான மெல்லிய அடுக்குகளாகப் படம்பிடிக்கிறது. படத்தாளில் அச்சாவது அவற்றுள் தேர்ந்தெடுத்த சிலவே. முழுமையும் வேண்டுமானால் குறுந்தகட்டில் பதிந்து கேட்க வேண்டும். டைகாம் என்ற உலகப் பொது வடிவத்தில் அது இருக்கும். எந்த ஊர் மருத்துவரும் தம் கணினியில் திறந்து அடுக்கடுக்காகப் புரட்டிப் பார்க்கலாம். தேனியில் எடுத்தாலும் மதுரையில் எடுத்தாலும் அன்றைக்கே "சி.டி.யும் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிவிடுங்கள். சாயமருந்து செலுத்துமுன் எடுத்ததும், செலுத்திய பின் எடுத்ததும், பழைய படங்கள் இருந்தால் அவையும் சேர்ந்தே போக வேண்டும். கட்டி வளர்ந்ததா, அப்படியே இருக்கிறதா என்பதைப் பழைய படம் ஒன்றே சொல்லும். மூளையுறையிலிருந்து வளரும் மெனிஞ்சியோமா என்ற வகையில் பெரும்பாலானவை தீங்கற்றவை, மெதுவாக வளர்பவை. முதியவர் ஒருவருக்கு வேறு காரணத்துக்காக எடுத்த படத்தில் அது சிறிதாகத் தென்பட்டால், தொடாமல் ஆண்டுதோறும் படமெடுத்துக் கவனித்து வருவதும் உண்டு.

அறுவையோ, ஊசி வழியாகத் திசு எடுப்பதோ முடிந்திருந்தால் படங்களைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. எடுத்த திசுவை மருந்தில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, தீப்பெட்டியினும் சிறிய கட்டியாக்கி வைப்பார்கள். 'பிளாக்' என்று மருத்துவமனையில் சொல்லுவார்கள். அதிலிருந்து தாளினும் மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயமேற்றினால் சிலைடு. நோயின் பெயரையும் அதன் தரத்தையும் தீர்மானிப்பது அந்தச் சிலைடுதான். அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு பெரும் புற்றுநோய் மருத்துவமனைக்கு வெளியிலிருந்து வந்த 500 மூளை, தண்டுவடத் திசுக்களை மறுபடி பார்த்து 1997-இல் முடிவை வெளியிட்டார்கள். 214 திசுக்களில் முதல் முடிவுக்கும் மறுமுடிவுக்கும் ஏதோ ஒரு வேறுபாடு இருந்தது. 44 திசுக்களில் சிகிச்சையை உடனே மாற்றவேண்டிய அளவுக்குப் பெரிய வேறுபாடு. சிக்கலான திசுக்களே அத்தகைய இடங்களுக்கு அதிகம் அனுப்பப்படும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஆயினும் அலட்சியப்படுத்தக் கூடிய எண் அன்று.

அதற்குப் பின் இத்துறை வெகுதூரம் வந்துவிட்டது. நுண்ணோக்கியில் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு கட்டிகள் வேறுவேறு குணமுள்ளவையாக இருக்கலாம் என்பது தெளிவாயிற்று. ஐ.டி.எச். என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது 2008-க்குப் பிறகு வந்த வழக்கம். அம்மாற்றம் உள்ள கட்டிகளைப் பெற்றோர் பொதுவாக அதிக காலம் வாழ்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் மரபணுச் சோதனைகளை மூளைக்கட்டிகளின் வகைப்பாட்டுக்குள் கொண்டுவந்து, 2021-இல் அவற்றை இன்னும் இன்றியமையாதவை ஆக்கிவிட்டது. எல்லா ஊர்ச் சோதனைக்கூடங்களிலும் இச்சோதனை இல்லை. ஆகவே மெழுகுக்கட்டி பிரயாணம் செய்தாக வேண்டும். நோயாளி செய்யவேண்டியதில்லை என்பதே நான் வற்புறுத்த விரும்புவது. நிம்ஹான்ஸ், வேலூர் போன்ற இடங்களின் நோய்க்குறியியல் துறைகள் வெளியூர்க் கட்டிகளையும் சிலைடுகளையும் பார்த்து எழுத்தில் முடிவு சொல்லுகின்றன. மும்பை டாடா நினைவு மருத்துவமனையை நடுவாகக் கொண்டு 2012-இல் அமைந்த தேசியப் புற்றுநோய் வலைப்பின்னலில் நாடெங்கும் 300-க்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்துள்ளன. அதன் தொடர்பில் நவ்யா என்ற இணையவழிச் சேவையும் இருக்கிறது. குறிப்புகளை அனுப்பினால், படித்துப் பார்த்து வல்லுநரின் கருத்தை எழுத்தில் தருகிறார்கள்.

இராயப்பன்பட்டிப் பக்கத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுகிறேன். கிழக்கு மலையடிவாரத்தில் பன்னீர்த் திராட்சை விளையும் பூமி அது. 1832-இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் தமிழகத்திற்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இத்திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே ஒன்றரை ஏக்கர் பந்தல் வைத்திருந்த ஒரு தகப்பனார். மூத்த மகன் சரக்கு வண்டி ஓட்டி வந்தான், வயது முப்பது. ஓர் இரவு வலிப்பு வந்தது. தேனியில் ஸ்கேன், வெளியூரில் அறுவை, பத்து நாளில் திசுவின் முடிவு. கொடிய வகை என்றார்கள். கதிர்ச் சிகிச்சையும் மாத்திரையும் தொடங்க வேண்டும் என்றார்கள். தகப்பனார் என்னிடம் வந்தார்.

"சாமி, பந்தலை வித்துரலாம்னு இருக்கேன். பெரிய ஊருக்குக் கொண்டுபோயிக் காட்டிருவோம்."

"ஐயா, பந்தல் இருக்கட்டும். முதலில் பிளாக்கை அனுப்புவோம். அவர்கள் வரச் சொன்னால் அப்போது பார்ப்போம்" என்றேன்.

சிகிச்சை செய்த மருத்துவரிடமே சென்று கேட்டோம். அவர் முகம் கோணாமல் கடிதம் எழுதிக் கொடுத்தார். சோதனைக்கூடத்தில் ரசீது எழுதி வாங்கிக்கொண்டு மெழுகுக்கட்டியையும் சிலைடுகளையும் தந்தார்கள். திராட்சை அடுக்கும் அட்டைப் பெட்டி ஒன்றில், பழம் நசுங்காமலிருக்க இடும் காகிதத்தையே சுற்றி, அந்த மனிதர் சிலைடுகளை வைத்த விதம் எந்தச் சோதனைக்கூடத்துக்காரருக்கும் பாடமாயிருக்கும். குறுந்தகடும் மருந்துச் சீட்டுகளின் நகலும் கூடவே போயின. அந்த நாட்கள் அவ்வீட்டில் எவரும் சரியாக உண்ணவில்லை. கதிர்ச் சிகிச்சைக்கான ஏற்பாடுகளை மருத்துவர் நிறுத்தவில்லை. முடிவு வந்தால் மாற்றிக்கொள்ளலாம், காலத்தை இழக்கக் கூடாது என்றார். அறிவுள்ள பேச்சு.

முடிவு வந்தது. முதலில் சொன்னதே சரி. மரபணுச் சோதனையும் அதையே உறுதி செய்தது. சொல்லப்பட்ட சிகிச்சையே உலகெங்கும் கொடுக்கப்படுவது. அதை மதுரையிலேயே பெறலாம் என்று எழுதியிருந்தார்கள். நான் படித்துச் சொன்னதும் தகப்பனார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இனிமே எங்கயும் ஓட வேண்டாம், சாமி" என்றார். பந்தல் விற்கப்படவில்லை. மகன் சிகிச்சை பெற்று வீட்டிலேயே பதினாறு மாதம் இருந்தான். இரண்டு அறுவடைக்குப் பந்தலுக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கணக்கெழுதினான். நோயில்பூசுதலைத் தானே கேட்டுப் பெற்றான். அவன் பிள்ளைகள் அந்தப் பந்தலின் வருமானத்தில் இன்று பள்ளிக்குப் போகிறார்கள். மறு அபிப்பிராயம் என்றால் முதல் மருத்துவர் சொன்னது பொய்யாகிவிடும் என்றே நம்மவர்கள் எதிர்பார்க்கிறார்கள். பல வேளைகளில் அது மெய்யென்று தெரிவதற்கே பயன்படுகிறது. அதுவும் ஒரு குடும்பத்திற்குச் சிறிய உதவியன்று.

தொலைவிலிருப்பவரால் முடியாதவையும் உள. அவர் நோயாளியின் கையைப் பிடித்து அழுத்தம் பார்க்க முடியாது. நடையைப் பார்க்க முடியாது. பேச்சுத் தடுமாறுகிறதா என்பதைத் திரையில் ஓரளவே அறிவார். ஆகையால் எந்தக் கை வலக்கை, முதல் வலிப்பு எப்போது, எவ்வளவு நேரம், என்னென்ன மருந்து என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்ப வேண்டும். மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்பதை மறக்காமல் குறிப்பிடுங்கள். மூளை வீக்கத்தைத் தணிக்க அது கொடுக்கப்படுகிறது. ஆனால் லிம்போமா என்ற ஒருவகைக் கட்டி அம்மருந்தினால் கரைந்து, திசுச் சோதனையில் தன் அடையாளத்தையே மறைத்துவிடக் கூடும். அதற்காக நீங்களே மருந்தை நிறுத்திவிடவும் கூடாது. திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கேட்டுச் செய்யுங்கள்.

நோயாளி மயக்கத்தில் ஆழ்ந்துகொண்டே போகிறார், வாந்தி நிற்கவில்லை, வலிப்பு விடாமல் வருகிறது, பார்வை விரைந்து மங்குகிறது என்றால் மறு அபிப்பிராயத்துக்குக் காத்திருக்கும் நேரமன்று அது. 108-ஐ அழைத்து, க. விலக்கோ மதுரையோ, மருத்துவர் சொல்லும் இடத்துக்கு உடனே போக வேண்டும். அழுத்தத்தைக் குறைத்து உயிரைக் காத்த பிறகு அபிப்பிராயம் கேட்கலாம்.

ஏமாற்றுக்காரர்களும் இல்லாமல் இல்லை. பெயர் சொல்லாமல், பதிவு எண் காட்டாமல், பணத்தை முதலில் அனுப்பு என்கிறவரிடம் விலகி இருங்கள். 2020 மார்ச் 25-இல் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைப்படி மருத்துவர் தம் பெயரையும் தகுதியையும் முதலிலேயே நோயாளிக்குச் சொல்ல வேண்டும். மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும். இலைச்சாற்றினால் மூளைக்கட்டியைக் கரைப்பதாகச் சொல்லுகிறவர்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் வாயில் அகப்பட்ட குடும்பங்கள் நம் பங்குகளிலேயே இருக்கின்றன.

இரண்டு மருத்துவர்கள் வேறுவேறாகச் சொல்லிவிட்டால்? மூன்றாவது, நான்காவது என்று போய்க்கொண்டிருப்பது நம்மவர் வழக்கம். தமக்குப் பிடித்த பதில் கிடைக்கும்வரை கேட்பார்கள். அதைவிட, இரண்டு எழுத்துகளையும் சிகிச்சை செய்கிற மருத்துவரிடமே கொண்டுபோய் வைத்து, எந்த இடத்தில் வேறுபடுகிறது, திசுவின் பெயரிலா அல்லது சிகிச்சை முறையிலா என்று கேளுங்கள். பெயரில் வேறுபாடு என்றால் சிலைடை மூன்றாவதாக ஒரு நோய்க்குறியியல் வல்லுநர் பார்க்கட்டும். முறையில் வேறுபாடு என்றால் அவர்கள் இருவரையும் தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். மருத்துவர்கள் தமக்குள் பேசிக்கொள்வது நாம் நினைப்பதைவிட எளிது.

கடைசியாக ஒரு சில்லறைச் செய்தி. மெழுகுக்கட்டி ஒன்றுதான், தொலைந்தால் திரும்பச் செய்ய இயலாது. சிலைடுகளை மேலும் சீவிக்கொள்ளலாம், கட்டி தீரும் வரையில். ஆகவே கூரியரில் அனுப்பினால் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வேலை முடிந்ததும் திருப்பி வாங்கி, ரசீது கொடுத்த சோதனைக்கூடத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள். சித்திரை வைகாசியில் கையில் கொண்டுபோகிறவர்கள் அதைக் காரின் முன்கண்ணாடி அருகிலோ பைக் பெட்டியிலோ வைக்க வேண்டாம். ஐம்பது அறுபது டிகிரியில் மெழுகு இளகும். கம்பத்திலிருந்து மதுரை வரும் வழியில், வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வெகு நேரம் கிடந்தால் அந்த அளவுக்குச் சூடேறிவிடும். ஈரமில்லாத பையில், நிழலில், மடியிலேயே வைத்துக் கொண்டுவாருங்கள்.